எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வரும் அரசு மானியம்: மூன்று வருடம் கையெழுத்துப் போட்ட அனுபவத்தில் ஒரு மதிப்புரை

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். தொகைக்கு மூன்றரை, பணம் வந்து சேரும் நேரத்துக்கு ஒன்று, எங்கள் எச்.எம். டீச்சருக்கு ஐந்து. எல்லாம் சேர்த்து மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வட மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன், வீட்டிலேயே தையல் வேலை. என் இரண்டு பெண்களும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில்தான் படித்தார்கள், பெரியவள் முடித்துவிட்டாள், சின்னவள் இப்போது ஏழாவது. 2022-ல் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தபோது என்னைத் தலைவராகப் போட்டார்கள். இரண்டு வருடம் தலைவராக இருந்தேன், 2024-ல் மறுபடி குழு அமைத்தபோது உறுப்பினராகத் தொடர்கிறேன். ஊர்ப் பெயரையும் பள்ளிப் பெயரையும் போடவில்லை, யாருக்கும் தொந்தரவு வரக்கூடாது என்பதால். ஆனால் எழுதுவது எல்லாம் நானே உட்கார்ந்து பார்த்தது, என் கையெழுத்து உள்ள காகிதங்களில் இருப்பது.

மானியம் என்றால் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இப்படி ஒரு பணம் வருவதே தெரியாது, எனக்கும் 2022 வரை தெரியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்ஷாவில், ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வருடத்துக்கு ஒரு தொகை ஒதுக்குகிறார்கள், அதற்குப் பெயர் ஒருங்கிணைந்த பள்ளி மானியம். மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துத் தொகை மாறும். 30 பேர் வரை இருந்தால் 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் போனால் 1 லட்சம். கரும்பலகைக்குப் பெயிண்ட் அடிப்பது, குழாய் மாற்றுவது, சாக்பீஸ், பதிவேடு, பல்பு, பினாயில், பூட்டு என்று பள்ளி தினப்படி நடப்பதற்கு வேண்டிய சின்னச் செலவு எல்லாம் இதிலிருந்துதான். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு என்று ஒதுக்கியாக வேண்டும். விளையாட்டுக்கும் நூலகத்துக்கும் தனி மானியம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கணக்கை ஒரு தடவை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். 30 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 10,000, ஒரே ஒரு பிள்ளை கூடி 31 ஆனால் 25,000. 100 பேர் உள்ள பள்ளியில் தலைக்கு 250 ரூபாய், 101 பேர் என்றால் தலைக்குக் கிட்டத்தட்ட 495. இன்னொரு பக்கம், 1,000 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 75,000 என்றால் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 75 ரூபாய். கழிவறையை அதிகமாகப் பயன்படுத்துவது பெரிய பள்ளி, பெஞ்சு அதிகமாக உடைவது பெரிய பள்ளி, ஆனால் தலைக்குக் கிடைப்பது அங்கேதான் குறைவு. சின்னப் பள்ளிக்கும் அடிப்படைச் செலவு இருக்கிறது, அதனால் தலைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பது புரிகிறது, நியாயமும்தான். ஆனால் படிக்கட்டு மாதிரி ஒரே தாவாகத் தாவுவதுதான் சங்கடம்.

அந்தப் படிக்கட்டில் நாங்களே விழுந்தோம். நான் தலைவரான வருடம் எங்கள் பள்ளியில் 112 பிள்ளைகள், 50,000 ஒதுக்கீடு. அடுத்த வருடக் கணக்கில் 98. நான்கைந்து பேர் டவுனில் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போனார்கள், இரண்டு குடும்பம் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனபோது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது, எட்டாவது முடித்து வெளியே போனவர்கள் அளவுக்கு ஒன்றாவதில் சேர்க்கை இல்லை. 14 பிள்ளை குறைந்ததில் மானியம் சரிபாதியாகி 25,000-க்கு வந்துவிட்டது. வகுப்பறை அதே எட்டு, கழிவறை அதே இரண்டு, தண்ணீர்த் தொட்டி அதே ஒன்று, கதவு ஜன்னல் எதுவும் குறையவில்லை. மாணவர் எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று பெற்றோரிடம் கேட்டால் முதலில் கழிவறையைத்தான் சொல்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் கழிவறையைச் சரிசெய்யும் பணமும் குறைகிறது. இந்தச் சுழற்சியை மேலே உட்கார்ந்து தொகை நிர்ணயிப்பவர்கள் ஒருமுறை யோசித்தால் நன்றாக இருக்கும். 90-லிருந்து 110 வரை உள்ள பள்ளிகளுக்காவது இடையில் ஒரு படி வைக்கலாம்.

இவ்வளவு சின்னத் தொகைக்கு இவ்வளவு பேச்சா என்று என் வீட்டுக்காரரே கேட்டார். அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கு உதவி செய்ய ஆள் இல்லாமல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் சேர்ந்து இரண்டு ஃபேன் வாங்கிக் கொடுத்தார்கள், ஒருவர் தன் அப்பா நினைவாக நாற்காலி கொடுத்தார், கோயில் திருவிழாக் கமிட்டி ஒலிபெருக்கி கொடுத்தது. அரசும் 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று தொடங்கி முன்னாள் மாணவர்களையும் நிறுவனங்களையும் அழைக்கிறது, நல்ல விஷயம். ஆனால் கொடுப்பவர்கள் எல்லோரும் பெயர் எழுத முடிகிற பொருளைத்தான் கொடுக்கிறார்கள். ஃபேன் இறக்கையில் பெயர் எழுதலாம், நாற்காலி முதுகில் எழுதலாம். பினாயிலுக்கு யார் நன்கொடை கொடுப்பார்கள்? கழிவறைத் தாழ்ப்பாளுக்கு? கழன்றுபோன குழாய்த் திருகுக்கு? அதற்கெல்லாம் இருக்கிற ஒரே பணம் இந்த மானியம்தான். அதனால்தான் இது சரியான நேரத்தில் வரவேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, நேரம். பள்ளி திறப்பது ஜூனில். நான் தலைவரான வருடம் முதல் பாதி 25,000 வந்தது நவம்பர் கடைசியில், மறுபாதி மார்ச் நடுவில். ஜூனிலிருந்து நவம்பர் வரை பள்ளி எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். எச்.எம். டீச்சர் மேஜை டிராயரிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். முன்பக்கம் பிள்ளைகளின் தமிழ் கட்டுரை, யாரோ விட்டுப்போன பழைய நோட்டு, பின்பக்கத்திலிருந்து திருப்பினால் டீச்சர் கையெழுத்தில் வரிவரியாக: சாக்பீஸ் இரண்டு பெட்டி, சமையலறைப் பூட்டு, துடைப்பம் நான்கு, மணிக்குக் கயிறு, ஆறாம் வகுப்பு டியூப்லைட், பினாயில், பினாயில், ஆட்டோ, ஜெராக்ஸ், பினாயில். ஆறு மாதத்தில் 6,000 ரூபாய்க்குப் பக்கம் தன் சம்பளத்திலிருந்து போட்டிருந்தார்கள். சில வரிகளுக்கு எதிரே சின்னதாக ஒரு டிக், அதெல்லாம் ரசீது வாங்கியது. டிக் இல்லாதவைதான் அதிகம், ஏனென்றால் பொட்டிக்கடையில் துடைப்பத்துக்கு யார் ரசீது கொடுக்கிறார்கள். ரசீது இல்லாத பணம் மானியம் வந்தாலும் திரும்பக் கிடைக்காது. "இது போகட்டும்மா, பிள்ளைங்களுக்குத்தானே" என்று நோட்டை மூடினார்கள். எனக்கு அன்று ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பள்ளியில் பணத்தைச் சாப்பிடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகத்துக்கு வரும்.

அப்புறம் பணம் வருகிற வழி. முன்பெல்லாம் மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்கே பணம் வந்துவிடும், செக் எழுதி எடுத்துச் செலவு செய்வார்கள், மீதி இருந்தால் கணக்கில் இருக்கும் என்று பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற ஆசிரியர் சொல்வார். அவர் வேலை பார்த்தது சர்வ சிக்ஷா அபியான் காலம், அப்போது தொடக்கநிலைக்குப் பள்ளி மானியம் 5,000, உயர் தொடக்கநிலைக்கு 7,000, பராமரிப்புக்குத் தனியாக, ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் 500 ரூபாய் கற்பித்தல் பொருள் வாங்க. அந்த 500 ரூபாயில் தெர்மோகோலும் சார்ட்டும் வாங்கி வகுப்பில் சூரிய மண்டலம் செய்து தொங்கவிட்டதை இன்னமும் சொல்வார். 2018-ல் பள்ளிக் கல்வித் திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து சமக்ர சிக்ஷா ஆக்கியபோது இந்தத் தனித்தனி மானியம் எல்லாம் ஒரே மானியமாகிவிட்டது. 2021 நடுவிலிருந்து பணம் மாநில அளவில் ஒரே கணக்கில் இருக்கும், பள்ளிக்கு இருப்பது இருப்புத்தொகை இல்லாத கணக்கு, இவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று ஒரு வரம்பு மட்டும் பிஎஃப்எம்எஸ் என்கிற அரசுப் பணப் பட்டுவாடா இணையதளத்தில் காட்டும். யாருக்குப் பணம் போகவேண்டுமோ அவர்கள் பெயர், கணக்கு எண் எல்லாவற்றையும் பதிவு செய்து, பணம் செலுத்தும் தாளை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, குறித்த நாளுக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும். நாள் தாண்டினால் அந்தத் தாள் செல்லாது, மறுபடி முதலிலிருந்து.

இதில் நல்லது இருக்கிறது, மறைக்கவில்லை. பணம் யாருடைய கைக்கும் போகாமல் நேராகக் கடைக்காரர் கணக்குக்குப் போகிறது, எவ்வளவு யாருக்குப் போனது என்று எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். செக் புத்தகத்தில் வெற்றுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இதோடு போனது. ஆனால் ஊரில் குழாய் வேலை செய்கிறவரிடம் போய்ப் பாஸ்புக் நகல் கேட்டபோது அவர் சொன்னது: "நானூறு ரூபா வேலைக்கு பாஸ்புக்கா? வேணாம் டீச்சர், நீங்க கையில குடுக்கறதுன்னா குடுங்க, இல்லன்னா இருக்கட்டும்." அவர் கோபித்துக்கொண்டு சொல்லவில்லை, சும்மாவே செய்து கொடுத்துவிட்டுப் போனார். எல்லாத் தடவையும் ஒரு மனிதரிடம் சும்மா வேலை வாங்க முடியுமா? அதனால் என்ன ஆகிறது என்றால், பதிவு செய்த கடை டவுனில் இருக்கிறது, பில் போட்டுக் கொடுப்பார்கள், பொருளாக வாங்குவது சுலபம். ஊரில் கொத்தனார், தச்சர், குழாய்க்காரர் வேலைக்குக் கூலி கொடுப்பது கஷ்டம். மானியம் பழுதுபார்க்கத்தான் முக்கியமாகத் தேவை, ஆனால் நடைமுறை பொருள் வாங்கும் பக்கம்தான் தள்ளுகிறது. எங்கள் பள்ளியில் மட்டும் இல்லை, பக்கத்து மூன்று பள்ளித் தலைவர்களிடம் பேசியபோதும் இதையேதான் சொன்னார்கள்.

மார்ச் மாதக் கதைக்கு வருகிறேன். முதல் வருடம் இரண்டாவது தவணை 25,000 வந்து நாங்கள் கூட்டம் போட்டு முடிவெடுப்பதற்குள் மார்ச் 27 ஆகிவிட்டது. 31-ம் தேதிக்குள் செலவு காட்டவேண்டும், இல்லையென்றால் வரம்பு பூஜ்யமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி மேல் செய்தி. எங்களுக்கு முதல் தேவை பெண்கள் கழிவறையின் கதவு. கீழ்ப்பக்கம் துருப்பிடித்து ஒரு சாண் அளவுக்குத் தகரம் தின்றுபோயிருந்தது, உள்ளே தாழ்ப்பாள் இல்லை, ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். என் பெரியவள் அப்போது எட்டாவது, அவளும் அவள் தோழியும் மாற்றி மாற்றி அப்படித்தான் போய் வந்தார்கள். வெல்டிங் பட்டறையில் கேட்டால் கையில் வேலை இருக்கிறது, பத்து நாள் ஆகும் என்றார். நான்கு நாளில் எது பில்லோடு கிடைக்குமோ அதைத்தான் வாங்க முடிந்தது. குப்பைத் தொட்டி ஆறு, மார்க்கர் பேனா ஒரு பெட்டி, சுவர்க் கடிகாரம், தண்ணீர் சுத்திகரிப்பான் ஒன்று. அந்தச் சுத்திகரிப்பானைப் பொருத்தக் குழாய் இணைப்பு இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் அட்டைப் பெட்டியிலேயே இருந்தது. அப்படியும் 6,400 ரூபாயைச் செலவு செய்ய முடியாமல் திரும்பிப் போனது. கதவு செய்ய ஐயாயிரத்துக்குள்தான் ஆகியிருக்கும். பணம் இருந்தது, தேவை இருந்தது, நாள் மட்டும் இல்லை. என் பெண் அந்தக் கதவோடுதான் எட்டாவது முடித்து வெளியே போனாள்.

இதில் என் தப்பும் உண்டு. முதல் இரண்டு மூன்று கூட்டங்களில் தீர்மானப் புத்தகத்தை நீட்டினார்கள், நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். எல்லாம் அழகாக எழுதியிருந்தது, "பெற்றோர் ஒருமனதாகத் தீர்மானித்தனர்" என்று. அன்று வந்திருந்த பெற்றோர் நான்கு பேர், நாங்கள் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. டீச்சரைக் குறை சொல்லவில்லை, கூட்டம் நடந்து முடிந்த உடனே தீர்மானத்தைச் செயலியில் ஏற்றச் சொல்கிறார்கள், மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையப் பதிவு வேறு, வகுப்பும் எடுக்கவேண்டும், பள்ளியில் எழுத்தர் என்று யாரும் கிடையாது. ஆனால் சட்டம் சொல்வது வேறு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தில் 21-வது பிரிவு இந்தக் குழுவைப் பற்றியது, உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது எங்கள் வேலை என்றே அதில் எழுதியிருக்கிறது. 22-வது பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பையும் எங்களுக்கே கொடுக்கிறது. எங்கள் குழுவில் 20 பேர், அதில் 15 பெற்றோர், 2024-க்குப் பிறகு முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். பயிற்சி வகுப்பில் இதையெல்லாம் சொன்னார்கள்தான், ஆனால் ஒரே நாளில், மைக்கில், நூறு பேருக்குச் சேர்த்துச் சொன்னது தலையில் ஏறவில்லை. அந்தக் கையேட்டை வீட்டில் மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானாகப் படித்தபோதுதான் புரிந்தது.

இரண்டாவது வருடம் ஒரே ஒரு விஷயத்தை மாற்றினோம். பணம் வரட்டும், அப்புறம் யோசிப்போம் என்று இருக்கவில்லை. ஜூன் மாதக் கூட்டத்தை அறையில் உட்கார்ந்து நடத்தாமல் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு பள்ளியைச் சுற்றி வந்தோம், ஏழெட்டு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள், எச்.எம். டீச்சர். எது உடைந்திருக்கிறதோ அதன் மேலேயே ஒரு வட்டம். பெரியவர்கள் பார்த்தது சுவர் விரிசலும் பெயிண்டும். பிள்ளைகள் கூடவே வந்து காட்டியது வேறு. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கைகழுவும் இடத்தில் கடைசிக் குழாயைக் காட்டி, "இதுல தண்ணி மேல அடிக்கும் டீச்சர், சட்டையெல்லாம் நனையும்" என்றான். திறந்து பார்த்தால் உண்மைதான், என் புடவையே நனைந்தது. இன்னொரு பிள்ளை கரும்பலகையின் இடது மூலையில் எழுதினால் வெளிச்சம் பட்டு ஒன்றும் தெரியாது என்று சொன்னது. அந்த மூலையில் எழுதியது தெரியாமல்தான் அந்த வரிசைப் பிள்ளைகள் தேதியைத் தப்பாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மொத்தம் 31 வட்டம். எது முதலில் என்று அங்கேயே கை தூக்கி முடிவு செய்தோம், கழிவறைக் கதவு முதலிடம். வெல்டிங் பட்டறைக்காரரிடமும் தச்சரிடமும் அப்போதே பாஸ்புக் நகல் வாங்கித் தளத்தில் பதிவு செய்து வைத்துவிட்டோம். குழாய்க்காரரைச் சம்மதிக்க வைக்க அவர் மனைவியிடம் பேசினேன், அவரும் என்னிடம் ரவிக்கை தைக்கிறவர்.

அதனால் அந்த வருடம் கையில் பாதித் தொகைதான் இருந்தது, வேலை இரண்டு மடங்கு நடந்தது. முதல் தவணை 12,500 வந்த ஒன்பதாவது நாள் கழிவறைக்குப் புதுக் கதவு, உள்தாழ்ப்பாளோடு. தாழ்ப்பாளைப் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் வைக்கச் சொன்னோம், கூடவே உள்ளே துணி மாட்ட ஒரு கொக்கி. இந்தக் கொக்கியைக் கேட்டது ஏழாம் வகுப்புப் பெண்கள், எங்களுக்குத் தோன்றவே இல்லை. குழாய் ஐந்தும் மாற்றினோம், கரும்பலகைக்குப் பூச்சு, சுத்திகரிப்பானுக்கு இணைப்பு. வரவு செலவை எச்.எம். அறைக்கு வெளியே ஒரு பலகையில் எழுதிப்போட்டோம், வந்தது இவ்வளவு, கதவுக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு என்று. அந்தப் பலகை வந்த பிறகு கூட்டத்துக்கு வருகிற பெற்றோர் பதினைந்து பதினாறு ஆனார்கள். காசு கணக்கைக் கண்ணால் பார்த்தால் ஜனங்கள் வருவார்கள், எங்கள் ஊர் அதற்குச் சாட்சி.

தூய்மைக்கான 10 சதவீதத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 25,000-ல் 10 சதவீதம் 2,500. வருடத்துக்குப் பத்து மாதம் பள்ளி என்று வைத்தால் மாதம் 250 ரூபாய். 98 பிள்ளைகள் பயன்படுத்தும் கழிவறைக்கு பினாயில், பிளீச்சிங் பவுடர், பிரஷ், கைகழுவ சோப்பு, எல்லாமே இந்த 250-ல். குறைந்தது 10 சதவீதம் என்றுதான் விதி, அதற்கு மேல் போகக் கூடாது என்று இல்லை. ஆனால் பல பள்ளிகளில் 10 என்றால் 10-தான் என்று நினைத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். நாங்கள் 20 சதவீதத்துக்குப் பக்கம் போனோம், எந்தத் தணிக்கையிலும் கேள்வி வரவில்லை. பொருள் இருந்தாலும் சுத்தம் செய்ய வரும் அம்மாவுக்குக் கிடைக்கும் தொகை ரொம்பக் குறைவு, அதுவும் மாதாமாதம் ஒழுங்காக வருவதில்லை. அவர் வேறு வீட்டு வேலைகளையும் முடித்துவிட்டுத்தான் இங்கே வருகிறார், அவரை எப்படிக் கேட்பது? இந்த மானியத்தில் என்ன போட்டாலும் அந்தக் குறை தீராது, அது தனியாகத் தீர்க்கவேண்டிய விஷயம்.

விளையாட்டு மானியம் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000. இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். எங்கள் பிள்ளைகள் கபடியும் எறிபந்தும் ஆடுகிறவர்கள். முதல் வருடம் எங்களைக் கேட்காமலே பொருள் மூட்டையாக வந்து இறங்கியது, பில்லும் கூடவே வந்தது. அதில் ஒரு மட்டை, மூன்றாவது நாள் கைப்பிடியோடு இரண்டாகப் பிரிந்தது, வளையம் பத்து, கேரம் போர்டு ஒன்று. டவுன் கடையில் அதே பொருளை விசாரித்தால் விலை கணிசமாகக் குறைவு. யார் அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள் என்று இங்கே எழுத விரும்பவில்லை. அடுத்த வருடம் குழுத் தீர்மானம் இல்லாமல் எந்தப் பொருளையும் இறக்கிக்கொள்ளமாட்டோம் என்று தீர்மானமாகவே எழுதி வைத்தோம், பிள்ளைகளைக் கேட்டு நாங்களே கடைக்குப் போய் வாங்கினோம். அந்த எறிபந்து இன்னமும் காற்றுப் போகாமல் இருக்கிறது.

நூலகம் நேர்மாறு. புத்தகங்களை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மேலிருந்துதான் வந்தது, ஆனால் ரொம்ப நல்ல புத்தகங்கள். மாநில அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னச் சின்னப் புத்தகங்கள், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாகப் பிரித்தவை, பக்கம் குறைவு, எழுத்து பெரிது, படம் நிறைய. எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்பட்ட நாலாவது படிக்கும் பையன் ஒரே மூச்சில் ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு, "முடிஞ்சிருச்சா?" என்று அட்டையைத் திருப்பிப் பார்த்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த வகையில் மேலிருந்து வருவது எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். யோசித்துச் செய்தால் இப்படியும் செய்ய முடிகிறது.

மானியத்துக்குள் அடங்காத வேலைகளை கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். வருடத்துக்கு ஆறு தடவை நடக்கிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்கள் தண்ணீர்த் தொட்டி கசிவை மானியத்தில் செய்யப் பார்த்து முடியவில்லை, அக்டோபர் 2 கிராம சபையில் நாங்கள் பதினோரு பேர் போய் எழுத்தில் கொடுத்தோம், அடுத்த கோடைக்குள் ஊராட்சி நிதியில் சரிசெய்து கொடுத்தார்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள், எழுதிக் கொடுத்து தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

மூன்றாவது வருடம், 2024-25, எல்லாருக்கும் தெரிந்த பிரச்சினை. சமக்ர சிக்ஷா பணத்தில் 60 பங்கு ஒன்றிய அரசு, 40 மாநில அரசு. ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ என்கிற மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கும் அதோடு சேர்ந்து வரும், மூன்று மொழி படிக்கச் சொல்லும் தேசியக் கல்விக் கொள்கைக்கும் தமிழ்நாடு ஒப்புக்கொள்ளவில்லை என்று 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது, மாநில அரசு 2025-ல் உச்ச நீதிமன்றம் போனது. கொள்கையில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு, எந்த மொழி படிப்பது என்பதற்கும் பிள்ளைகளுக்கு உரிய பணத்துக்கும் முடிச்சுப் போடுவது தப்பு. நாங்களும் வரி கட்டுகிறோம், அந்தப் பணம் எங்கள் பிள்ளைகளுடையது. எங்கள் பள்ளியில் அந்த வருடம் ஜூன் மாதம் போட்ட வட்டங்களில் பாதிக்கு மேல் மார்ச் வரை அப்படியே இருந்தது, சாக்பீஸ் வட்டம் மழையில் அழிந்து நாங்கள் மறுபடி வரைந்தோம். டீச்சருடைய நாற்பது பக்க நோட்டு மறுபடி மேஜைக்கு மேலே வந்தது. இந்தத் தடவை நாங்கள் அம்மாக்கள் ஆளுக்கு மாதம் 20 ரூபாய் போட்டோம், டீச்சர் வேண்டாம் என்றார்கள், விடவில்லை.

உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த வருடம் மானிய வரம்பு எவ்வளவு, இதுவரை எவ்வளவு செலவாயிற்று. சண்டை மாதிரிக் கேட்கவேண்டாம், எச்.எம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அவர்களிடமும் ஒரு நோட்டு இருக்கக்கூடும். ரசீது எடுக்கத் தெரிந்த பெற்றோர் யாராவது இருந்தால் மாதம் ஒரு மணிநேரம் உதவச் சொல்லுங்கள், எங்கள் பள்ளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அப்பா ஒருவர்தான் பிஎஃப்எம்எஸ் தாள் அச்செடுத்துக் கொடுக்கிறார், காசு வாங்குவதில்லை.

இந்த வருடம் எங்கள் பட்டியலில் முதலில் இருப்பது நாப்கின் எரிக்கும் மெஷின். மெஷின் வந்துவிட்டது, கழிவறையில் பிளக் பாயிண்ட் இல்லை. எலக்ட்ரீஷியனின் பாஸ்புக் நகல் என் தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது, வரம்பு எப்போது ஏறும் என்று டீச்சர் தினமும் காலையில் தளத்தைத் திறந்து பார்க்கிறார்கள்.